இறந்தவரின் காப்புறுதியும் என் வாயும்

லாங்கன்தால்,
ஞாயிறு, பூசைக்குப் பிறகு.

அன்பின் மச்சான் றெக்சனுக்கு,

உமது அத்தான் அம்புறோஸ் எழுதிக்கொள்வது. நீரும் பிரஷாந்தியும் பிள்ளைகளும் ஃப்ரிபூர்க்கில் நலமாக இருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நாங்களும் சுகம். நிலத்துக்குத்தான் சுகமில்லை. இதைத் தொலைபேசியில் சொல்ல வழியில்லை, உமது அக்கா பக்கத்திலேயே இருக்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் எப்படியும் கோவில் குழுவுக்குப் போய்விடும், என் விரலை எனக்குத் தெரியும். ஆகவே முத்திரை ஒட்டி எழுதுகிறேன். முதலில் ஒரு காரியம் செய்யும். அங்கே மூடிய ரெஸ்டோரண்டில் எங்களுக்காகப் பேசி வைத்த பெரிய அடுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லும். அக்காவின் சமையற்கூடம் இனி நடக்காது.

அந்தச் சமையற்கூடத்துக்கென்று நாங்கள் வாங்கிய கட்டடம் முன்பு ட்ரை கிளீனிங் கடையாக இருந்தது உமக்குத் தெரியும். உடுப்புக் கழுவிய இடம், சுத்தமாகத்தானே இருக்கும் என்று நம்பி வாங்கினேன். போன மாதம் கன்டோன் அரசின் சுற்றாடல் அதிகாரி ஒருவர் வந்தார். இந்த நாட்டில் எங்களுக்கு மட்டுமல்ல, மண்ணுக்கும் கோப்பு வைத்திருக்கிறார்கள், மச்சான். காணி எழுதும்போது நொத்தாரிசு அதை வாசித்துக் காட்டினாராம், அவர் வாசித்த வேகத்துக்கு நான் தலையாட்டியதுதான் ஞாபகம். வந்தவர் பின்பக்கத்தில் குழாய் இறக்கி மண் எடுத்தார். பிறகு, உடுப்புக் கழுவிய மருந்து அடியில் இறங்கி நிலத்தடித் தண்ணீரை நோக்கிப் போகிறது, மண்ணைத் தோண்டி அகற்ற வேண்டும், கெடுத்தவர்தான் செலவைப் பொறுக்க வேண்டும் என்று அமைதியாகச் சொன்னார். கெடுத்தவர் எங்கே என்றேன். இறந்துவிட்டார், கடையும் கலைந்துவிட்டது என்றார். அப்படியென்றால் யார் என்று கேட்டபோது என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். வேலையை முதலில் காணிக்காரர் செய்விக்க வேண்டுமாம், செலவைப் பங்கு பிரிப்பது பிறகாம். அவர் சொன்ன தொகைக்குக் கட்டடத்தையே விற்றாலும் காணாது.

உடனே தவராஜா அண்ணையின் மகள் ஹரிஷாவிடம் ஓடினேன், பேர்ணில் சட்டத்தரணியாக இருக்கிறாளே, அவள்தான். அவள் சொன்னதுதான் அடுத்த அதிர்ச்சி. "அங்கிள், ஆள் செத்தாலும் அவற்ற காப்புறுதி சாகாது. அந்த வருசங்களில ஹாஃப்ட்ஃபிளிஹ்ட் எடுத்திருந்தா, அப்ப நடந்த சேதத்துக்கு அவை இப்பவும் பதில் சொல்லோணும்" என்றாள். ஹாஃப்ட்ஃபிளிஹ்ட் என்றால் நம்மால் பிறருக்கு வரும் சேதத்துக்குக் கட்டுகிற காப்புறுதி. நான் மாதாமாதம் கட்டுகிற காப்புறுதிக்காரர் நான் உயிரோடு இருக்கும்போதே பதில் சொல்வதில்லை, இது செத்தவருக்குப் பதில் சொல்லுமாம்.

இறந்த கடைக்காரரின் மனைவி ஃபிராவ் லான்ஸ் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். கேட்டதும் நிலவறைக்கு இறங்கி, கணவர் ஒரே கம்பனியில் எடுத்த காப்புறுதிப் பத்திரங்கள் முழுவதையும் வருட ஒழுங்கில் கொண்டுவந்து தந்தார். அக்கா மெழுகுதிரி கொளுத்தினார். கடைசியாக எடுத்த பத்திரத்தில்தான் தொகை அதிகம் என்று ஹரிஷா அதைக் கையில் எடுத்தாள். அதில் ஒரு நிபந்தனை. திடீர் விபத்தால் வந்த சேதத்துக்குத்தான் கட்டுவார்கள், வழக்கமாக ஊற்றிக் கெடுத்ததற்குக் கட்டமாட்டார்கள். கடைக்குப் பின்னால் மருந்து நிரப்பி வைக்கிற பழைய தாங்கி ஒன்று வெடித்துக் கிடந்ததை அவள் பார்த்திருந்தாள். அது வெடித்த நாளைப் பற்றி ஃபிராவ் லான்ஸ் சொன்னால் போதும் என்று நினைத்தாள். என்னிடம், "நீங்க ஒண்டும் கதைக்க வேண்டாம் அங்கிள். தேத்தண்ணி மட்டும் குடுங்கோ" என்றாள்.

கம்பனியிலிருந்து இரண்டு பேர் வந்து, கடையில் எப்போதாவது விபத்து நடந்ததா என்று கேட்டார்கள். ஃபிராவ் லான்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் சுவிஸ் ஜெர்மனில் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன். "எங்கட கடையில விபத்தோ? ஒருநாளும் இல்லை. அந்தத் தாங்கி கடை பூட்டினாப் பிறகு வெயிலில கிடந்து வெடிச்சது. என்ர மனுசன் கவனமான ஆள். ஒவ்வொரு சனிக்கிழமையும் மிச்ச மருந்தைத் தானே வாளியில கொண்டுபோய்ப் பின்னுக்கு வெட்டின கிடங்கில ஊத்துவார். ஒரு துளி வெளியில சிந்தாது. கடை திறந்த நாளில இருந்து ஒரு சனிக்கிழமையும் தவறினதில்லை."

ஹரிஷா பேனையை மூடி வைத்தாள். அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு மனுசி இறந்த கணவரைப் பற்றிச் சொல்லும்போது எங்களால் சும்மா இருக்க முடியுமா, நீரே சொல்லும். செத்தவீடுகளில் பழகிய வாய். "ஓம் ஓம், தங்கமான மனுசன், சொன்னாச் சொன்னபடி ஊத்துவார்" என்று எழுந்து நின்றே சொல்லிவிட்டேன். அவரை நான் கண்டதே இல்லை. வந்தவர்கள் அதையும் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, அக்காவின் ரோல்ஸையும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. ஏசினாலும் தாங்கலாம், தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பேசாமல் போகிறார். எத்தனை வருடம் பிறர் வீடு துடைத்து, வந்து எங்கள் சின்னக் குசினியில் ஊராரின் கொண்டாட்டங்களுக்குச் சமைத்து, மணக்கிறது என்று மேல்வீட்டாரிடம் ஏச்சு வாங்கினவர். தனக்கென்று ஒரு குசினி, அதை மட்டும்தான் என்னிடம் கேட்டார். நேற்று, அங்கே வைக்க வாங்கிய பெரிய சட்டியைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மச்சான். நீர் ஒரு தரம் வந்து அவரோடு கதையும்.

ஆண்டவர் உமது வீட்டுக்குச் சமாதானத்தையும் எனக்கு மௌனத்தையும் தருவாராக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உமது அத்தான்,
அம்புறோஸ்

பி.கு.: மேலே உள்ளதைப் பொருட்படுத்த வேண்டாம். அடுப்பை ஒருவருக்கும் கொடுக்க விடாதேயும், கொடுத்திருந்தால் திருப்பி வாங்கும். உறையை ஒட்டும் நேரத்தில் ஹரிஷா தொலைபேசி எடுத்தாள். எல்லாவற்றிலும் மிகப் பழைய பத்திரத்தைப் போன கிழமைதான் முழுக்க வாசித்தாளாம். அதில் விபத்து என்ற நிபந்தனையே கிடையாதாம். அந்த வருடங்களிலேயே மருந்து நிலத்தில் இறங்கியது என்பதற்குச் சாட்சி வேண்டுமாம், கடை திறந்த நாளிலிருந்தே ஊற்றினார் என்று அதைக் கம்பனிக்காரரே தங்கள் கையால் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதைக் காட்டி அவள் எழுதியதும், பேசித் தீர்க்கலாம், வாருங்கள் என்று அவர்களே அழைத்திருக்கிறார்களாம். தெரிந்தே செய்த சேதத்துக்குக் காப்புறுதி கட்டாதாம், ஆகவே கெடுதல் என்று தெரிந்து செய்கிற ஆள் அந்தக் கடைக்காரர் இல்லை என்பதை ஃபிராவ் லான்ஸ் சொல்ல வேண்டும், நீங்களும் பக்கத்தில் இருங்கோ அங்கிள் என்றாள். நான் அவரைக் கண்டதே இல்லையே பிள்ளை என்றேன். "போன முறை நல்லாத் தெரிஞ்சுதே" என்றாள். இதைக் கேட்டுக்கொண்டு நின்ற உமது அக்கா, தேத்தண்ணியை என் முன்னால் வைத்து, "போங்கோ. ஆனா இந்த முறை அந்த மனுசன் நெட்டையோ கட்டையோ எண்டாவது கேட்டிட்டுப் போங்கோ" என்றார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதற் பேச்சு இது.