கேப்டன் ப்ரூயிட்டின் கல்லறையில் கிடப்பவர்

ஹார்லோ, வெர்மாண்ட்
வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் குறையாத லவீனியா பெரியம்மாவுக்கு,

போர் வந்தபோது ஒளிந்துகொண்ட ஒருவரின் வம்சத்தார், இருநூற்றைம்பது வருடம் கழித்து மார்பில் ரிப்பன் குத்திக்கொள்ளலாமா? எனக்கு விடை தெரியவில்லை. இங்கே எல்லாரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நாளைக் காலை கல்லறைத் தோட்டத்து விழாவுக்கு நான் வரப்போவதில்லை. உங்கள் சங்கத்தின் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடப்போவதுமில்லை.

காரணத்தைத் தொலைபேசியில் முழுதாகச் சொல்ல நீங்கள் விடவில்லை, ஆகவே எழுதுகிறேன். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ்காரர்களோடு சண்டையிட்ட கேப்டன் எலிஃபலெட் ப்ரூயிட் நம் முன்னோர் என்று சொல்லித்தான் வாரிசு மகளிர் சங்கத்தில் சேர்ந்தீர்கள், முப்பது வருடமாகக் கிளையில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பதிவாளராகவும் இருக்கிறீர்கள். நாளை அவர் கல்லறையில் வெண்கலத் தகடு. நாம் அவருடைய நேர் வாரிசுகள் என்று நான் சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்றீர்கள். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள் நான். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் புட்டியில் பெயர்ச்சீட்டு ஒட்டிப் பழக்கமில்லை. நகர மன்றத்துப் பழைய பதிவேடுகளைப் போய்ப் பார்த்தேன். எலிஃபலெட் ப்ரூயிட் இரண்டு பேர், அண்ணன் தம்பி பிள்ளைகள். கேப்டன் இருபத்திரண்டு வயதில் கல்யாணம் ஆகாமலே அம்மை கண்டு செத்துப்போனார், புதைத்தது நியூயார்க் பக்கம் எங்கேயோ. இங்கே கிடக்கிறவர் இன்னொருத்தர், நம்மவர். ஊர்ப்படைக்கு ஆள் எடுக்க வந்தபோது நிலவறையில் டர்னிப் கிழங்குக் குவியலுக்கு அடியில் இரண்டு நாள் படுத்திருந்தார் என்று பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார், என்ன கிழங்கு என்பது வரைக்கும். அதே வாரம் அவர் பெண்டாட்டி மெஹிடபெல், ஏர்மாடு இரண்டையும் பதினோரு மைல் தானே ஓட்டிக்கொண்டுபோய்ப் படை முகாமில் கொடுத்திருக்காங்க, பெற்றுக்கொண்ட சீட்டு பத்திரமா இருக்கு. அந்தம்மா பெயரில் சேருங்களேன், போருக்கு உதவிய பெண்களையும்தானே சங்கம் முன்னோராக ஏற்கிறது என்றால், "மாடு ஓட்டினதுக்கு எவடி தகடு வைப்பா?" என்கிறீர்கள். "உன்கிட்ட கேட்டது கையெழுத்து. ஆராய்ச்சி யாரு கேட்டா?"

கேப்டன் போனால் உங்கள் உறுப்பினர் தகுதியும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். எண்பத்தோரு வயதில் சனிக்கிழமைக் கூட்டம் இல்லாமல் என்ன செய்வீர்கள் என்று எனக்கும் கவலைதான். அதுக்காக ஒளிஞ்சுக்கிட்டவருக்கு கேப்டன் பட்டம் கட்ட என்னால முடியாது. கோபப்படுங்க, உயில்ல எனக்கு எழுதின பீங்கான் தட்டுகளை வேற யாருக்காவது எழுதுங்க. மாட்டேன்னா மாட்டேன்தான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் என் பங்குக்கும் சேர்த்துப் பிரார்த்தித்துக்கொள்ளுங்கள். பூனைக்கு என் விசாரிப்பு.

என்றும் உங்கள்
ரோவீனா

பி.கு. (சனிக்கிழமை மாலை): இந்தக் கடிதம் சங்கத்துக் கோப்பில் இருக்க வேண்டும், நடந்ததையும் சேர்த்து எழுது என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன். தபாலில் போடாமல் காலையில் நேரிலேயே கொடுத்தேன். நின்றபடியே படித்தீர்கள். பதிவேட்டின் பக்க எண்ணைக் கேட்டீர்கள், சொன்னேன். பதினொரு மணிக்கு, நாற்பது பேர் முன்னால், தகட்டை மூடியிருந்த கொடியை விலக்க மறுத்து, "இங்க கிடக்கறது கேப்டன் இல்ல. கிழங்குக்கு அடியில கிடந்தவன்," என்றீர்கள். என்ன செய்வதென்று தெரியாமல் பாண்டுக்காரர்கள் வாசித்துவிட்டார்கள். நீங்கள் சங்கத்து ரிப்பனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, என் காரின் மேலேயே காகிதத்தை வைத்து மெஹிடபெல் பெயரில் புது விண்ணப்பம் எழுதினீர்கள். எழுதி முடித்ததும், தகுதி போனாலும் திங்கள்வரை பதிவாளர் நான்தான் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைச் சரிபார்க்கவும் செய்தீர்கள். மெஹிடபெலுக்கும் நம் எலிஃபலெட்டுக்கும் கல்யாணம் நடந்ததற்குப் பதிவு இல்லை. ஒன்பது பிள்ளைகள் பெரியம்மா என்று நான்தான் கத்தினேன். "பிள்ளை பெத்தது கல்யாணப் பத்திரம் ஆகாதுடி," என்று உங்கள் விண்ணப்பத்தை நீங்களே நிராகரித்து, தேதி போட்டு, முத்திரையும் குத்தினீர்கள்.

மேல்முறையீட்டுப் படிவத்தில், மெஹிடபெலின் வாரிசு என்ற இடத்தில், நான் கையெழுத்துப் போட்டேன்.