கலரென்ன சாரும் எங்கள் கல்யாணக் கல்லும்

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி, அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனிதர் சேலம் ஜில்லாவிலேயே ஒருவர்தான். சூரமங்கலம் ஆபீஸில் எட்டு வருஷம் அவர் எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தது என் ஜாதக விசேஷம்.

அவருடைய பெயர் சம்பளப் பட்டியலுக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் 'கலரென்ன சார்'. "புது பீரோ வந்திருக்காமே, எவ்வளவு பெருசு சார்?" என்றால், "கலரென்னங்க?" என்பார். யாராவது வீடு கட்டி முடித்ததாகச் சொன்னாலும் அதே கேள்விதான்.

காரணம் வானத்தில் இருந்தது. மனிதருக்குச் சிறுகோள் பைத்தியம். அவ்வளவு தூரத்தில் சுற்றுகிற கல், தொலைநோக்கியிலும் வெறும் புள்ளிதானாம். அதன் வெளிச்சத்தை வைத்துத்தான் அளவைக் கணிக்க வேண்டுமாம். "வெளுத்த சின்னக் கல்லும் அதே வெளிச்சந்தான் காட்டும், கருத்த பெரிய கல்லும் அதே வெளிச்சந்தான் காட்டும். கலர் தெரியாம சைஸ் சொல்றவன் புளுகறானுங்க" என்பார்.

இந்த மனிதரை நம்பித்தான் என் கல்யாணம் ஒரு நாள் தொங்கியது.

ஜாதகம், ஆடி, மார்கழி என்று மூன்று முறை தள்ளிப்போய், ஒருவழியாக முகூர்த்தம் குறித்திருந்தோம். பத்து நாள் இருக்கும்போது வாட்ஸப்பில் ஒரு செய்தி: சங்ககிரி மலை அளவுக் கல் ஒன்று பூமியை நோக்கி வருகிறது. வருகிற தேதி எங்கள் முகூர்த்தத் தேதி! வெண்ணந்தூரில் தறி ஓட்டும் வருங்கால மாமனார் போன் செய்தார்.

"மாப்ள, நல்ல காரியத்தன்னிக்கு வானத்துலருந்து மலை உழுவுதுன்னா எப்படீங்க? ஆறு மாசம் தள்ளி வெச்சுக்கலாமுங்க."

ஞாயிற்றுக்கிழமை கலரென்ன சாரை வெண்ணந்தூருக்கு பஸ் ஏற்றி அழைத்துப் போனேன். "பயமில்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க சார், போதும்."

"அவுங்க கேக்கறதுக்குச் சரியாப் பதில் சொல்லிப்போடறனுங்க" என்றார். அப்போதே நான் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்க வேண்டும்.

"ஏனுங்க சார், அந்தக் கல்லு மலையாட்டப் பெருசுங்களா?" என்று மாமனார் கேட்டார்.

"கலரென்னங்க?"

மாமனார் என்னைப் பார்த்தார். நான் தறியைப் பார்த்தேன். அதற்குள் சார், எலுமிச்சை அளவில் ஒரு வெள்ளை நூல் உருண்டையையும், அதைப்போல் இரண்டு மடங்கு அகலத்தில் ஒரு கருப்பு உருண்டையையும் எடுத்து வைத்தார். "வெளுத்த கல்லுன்னா நம்ம ஜங்ஷன் பிளாட்பாரத்துல பாதிங்க. கருத்த கல்லுன்னா முழு பிளாட்பாரம். வெளிச்சம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

மாமனார் நெசவுக்காரர். கருப்பு உருண்டையை வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். "அப்ப, சாயம் வெளுத்தா கல்லு சுருங்கிப்போயிருமுங்களா?"

"கல்லு சுருங்காதுங்க. நம்ம கணக்குத்தான் சுருங்கும்."

"எதுக்கு வம்பு? தள்ளியே வெச்சுக்கலாம்" என்று மாமனார் எழுந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது உள்ளேயிருந்து செல்வி வந்தாள். எனக்கு நிச்சயித்த பெண். "ஏனுங்க சார், அந்தக் கல்லு எந்தப் பக்கமாப் போவுது?"

"நிலாவையும் தாண்டி அப்பால போவுதுங்க, அம்மிணி. பாதையெல்லாம் துல்லியமாத் தெரியும். நம்ம மேல உழுகாது."

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?" என்று மாமனார் கத்தினார்.

"நீங்க சைஸத்தானுங்களே கேட்டீங்க!"

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. கல்லும் தன் வழியே போனது. சார் ஓய்வு பெற்று ஜேடர்பாளையத்துக்குக் குடிபோனார்.

ஏழு வருஷம் கழித்து, போன வாரம் அவரிடமிருந்து ஒரு செய்தி: "உங்க கல்யாணக் கல்லோட வெப்பத்தை அளந்து பாத்துட்டாங்க. கருப்புக் கல்லுதானுங்க. முழு பிளாட்பாரம். அம்மிணிகிட்டயும் சொல்லிப்போடுங்க."

இத்தனை வருஷமாக எங்கள் கல்லை அவர் விடாமல் பின்தொடர்ந்திருக்கிறார். செல்விக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தவள், "அவரு எப்படி இருக்காராம்?" என்றாள்.

சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? நான்தான் ஒரு நாளும் கேட்கவில்லையே. வெட்கத்தோடு, 'எப்படி இருக்கீங்க சார்?' என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "உங்க ரெண்டு பேரையும் பாக்கோணும்னு இருக்குதுங்க."