மாறன் மைக் நாட்டிய படலம்

செவி படைத்தோரே, கேட்பீராக. அண்ணாமலையின் அடிவாரத்தில், செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில், மாடிப் போர்ஷனை ஆளும் மன்னனும், தங்கும் விடுதியில் வருவோர்க்கெல்லாம் அறைச்சாவி வழங்கும் வள்ளலும், ஒலிப்பதிவு பற்றிய காணொளிகள் அனைத்தையும் கண்டு தெளிந்தவனும், ஓர் ஒலியைக்கூடப் பதிந்தறியாதவனுமாகிய மாறனின் புகழ் பாடத் தொடங்குகிறோம்.

அவன் மனைவி கவிநிலா, மகள் பிறந்தபின் பாட்டை விட்டிருந்தவள். சென்னை இசைக்குழு ஒன்று, பாடகியரைத் தேர்ந்தெடுக்க, மாலைக்குள் ஒரு பாட்டைப் பதிந்து அனுப்பச் சொல்லியிருந்தது. இழந்துபோனதாக அவள் எண்ணியிருந்த வாழ்வு அந்த ஒரு பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. மாறன் மார்பு விரித்து முழங்கினான்:

"மைக் வெக்கற எடத்துலதான் எல்லாமே இருக்குது. நீ பாடு போதும், மத்தத நான் பாத்துக்கறேன்."

பேதை, நம்பினாள்.

பஞ்சணையில் துயிலும் இளவரசன்போல் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த புது மைக்கை வீரன் இரு கரத்தால் ஏந்தி ஸ்டாண்டில் ஏற்றினான். எதிரொலி என்னும் அரக்கனை அடக்க, வீட்டிலிருந்த போர்வை, ஜமுக்காளம், கல்யாணப் பட்டு யாவும் சுவரேறின. மின்விசிறி நின்றது. சன்னல்கள் அடைபட்டன. சித்திரை வெயிலில் அவ்வறை இட்லிக் கொப்பரையாயிற்று. பின்பு, களத்தில் யானை நிறுத்த இடம் தேடும் தளபதியெனக் காதில் ஹெட்போன் பூண்டு, மைக்கைக் கவிநிலாவின் வாய்க்கு ஒரு சாணில் வைத்தான். குரல் தூரத்தில் கேட்டது. மூக்கில் இடிக்க வைத்தான். அப்போதும் தூரத்தில் கேட்டது. மூலைக்கு மாற்றினான், கட்டில்மேல் ஏற்றினான். எங்கு வைத்தும் குரல் கிணற்றுக்குள்ளிருந்தே வந்தது. மாவீரன் முதலில் சுவரைக் குற்றம் சொன்னான், அடுத்துக் காற்றை, கடைசியில் மனைவியை.

"நீ வயித்துலருந்து பாட மாட்டேன்ற."

வியர்வையில் நனைந்திருந்த கவிநிலா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அப்பார்வைக்கு வேறொருவன் சாம்பலாகியிருப்பான்.

அவ்வேளை கீழ்வீட்டில் எல்லம்மாளின் கிரைண்டர் இடியென முழங்கிற்று. வீட்டுக்காரியம்மாள் அவர், வாடகைக்கு இருப்போர் நடுங்கும் வாய் படைத்தவர். வீரன் படியிறங்கிப் பணிந்தான்.

"அம்மா, கொஞ்ச நேரம் நிறுத்துங்க. பாட்டு எடுக்கறோம்."

"மாவு பாதியில நிக்குதுப்பா. நாளைக்கு இட்லி கல்லு மாதிரி வந்தா நீயா துன்னுவ?"

"பாட்டு முடிஞ்சதும் நானே வந்து மாவு வழிச்சுக் குடுக்கறேன்மா."

இவ்வாறு எதிரியை வென்று, அவருக்கே ஏவலாளாகி மீண்டான்.

அமைதி கவிந்தது. மாறன் ஹெட்போனைக் கழுத்தில் இறக்கி, கண்மூடி, கையசைத்தான். கவிநிலா பாடினாள். தாழத் தொடங்கிய குரல் தடையின்றி ஏறி, உச்சியில் நின்று, உடையாமல் இறங்கியது. தன்னிடம் அக்குரல் இன்னும் இருக்கிறதென்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. மாறனோ வெற்றிப் பெருமிதத்தோடு பதிவை ஓடவிட்டான்.

எங்கோ தொலைவில் ஒரு பெண் முனகினாள். ஆனால், கதவுக்கு வெளியே மாடிப்படியில் அமர்ந்து போனில் பேசிய எல்லம்மாளின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் ஒலித்தது:

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் பாடுது. இவந்தான் காலைலருந்து நொய்நொய்னு பேசிக்கினே கீறான்."

கவிநிலா எழுந்து மைக்கை உற்றுப் பார்த்தாள். முன்பக்கத்தைக் காட்டும் சின்னஞ்சிறு குறி கதவைப் பார்த்திருந்தது. காலைமுதல் அவள் பாடியதெல்லாம் அதன் முதுகுக்கு.

"இதுதான முன்பக்கம்?" என்றாள்.

புறமுதுகு காட்டாத மறவன், "ரூமோட அமைப்பு அப்படி" என்று மொழிந்து, ஸ்டாண்டின் உயரத்தை மீண்டும் அளக்கத் தொடங்கினான். வெயில் தாழ்ந்தது, மலையின் நிழல் சந்தில் விழுந்தது, இன்னும் ஒருமுறைக்கு மேல் தாங்காத தொண்டையோடு அவள் அவனையும், அவன் போர்வைக் கோட்டைகளையும், அளந்து தீராத அவன் ஞானத்தையும் பார்த்தாள்.

கவிநிலா கீழே எல்லம்மாள் வீட்டுக்குப் போய் போனிலேயே பாடிப் பதிந்து அனுப்பிவிட்டாள்.