சின்னவன் லைனில் இருக்கிறான்

மணி நாலு ஐம்பது. இன்னும் பத்து நிமிஷத்தில் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் செத்துப்போன தன் தம்பியாக மாறி அம்மாவிடம் பேசியாக வேண்டும். போனில் டவர் ஒரு கோடு கூட இல்லை.

உல்லாசக் கப்பலின் ஐந்தாம் தளத்தில், வரவேற்பு மேஜைக்கு முன்னால், போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் இதுபோல் நிறைய பேரைப் பார்த்தவள். பொறுமையாகச் சிரித்தாள்.

"ஏரோப்ளேன் மோடுல போடுங்க சார்."

"நான் கப்பல்லதானேம்மா வந்திருக்கேன்?"

"தெரியும் சார். நடுக்கடல்ல உங்க கம்பெனி டவர் வராது. தப்பித் தவறி கப்பலோட டவரைப் பிடிச்சா பில் எகிறிடும். அதை ஆஃப் பண்ணிட்டு எங்க வைஃபை பேக்கேஜ் வாங்கிக்கணும்."

வாங்கினார். பெயர், அறை எண், பிறந்த தேதி எல்லாம் கேட்ட திரை, கடைசியில் அவருடைய நம்பருக்கு ஒரு ஓடிபி அனுப்பியிருப்பதாகவும் அதைப் போடும்படியும் சொன்னது. அவர் காத்திருந்தார். ஓடிபி வரவில்லை. எப்படி வரும்?

"நெட் வேணும்னா ஓடிபி வேணும். ஓடிபி வேணும்னா டவர் வேணும். டவர் இருந்தா உங்க நெட்டே எனக்கு வேண்டாமேம்மா."

அந்தப் பெண்ணுக்கு இது நியாயமாகத்தான் பட்டது. உள்ளே போய் யாரையோ கேட்டு வந்து, வேறு வழியில் இணைப்புக் கொடுத்தாள். அதற்குள் மணி ஐந்தேகால். அவசர அவசரமாக வீட்டு நம்பரை அழுத்தினார். போகவில்லை. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். வைஃபையில் பேச வேண்டுமானால் அந்தப் பக்கமும் நெட் இருக்க வேண்டுமாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்க வாயெடுத்தவர், அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டார். அவளுக்கென்ன தெரியும், அவர் யாராகப் பேசப் போகிறார் என்று?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பி போய்விட்டான். சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை. கல்யாணம் காட்சி எதுவும் இல்லாதவன். காய்ச்சல் என்று ஏதோ ஒரு துறைமுகத்தில் இறக்கினார்கள். அந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது. அந்த வாரம் அம்மா இங்கே இதய வார்டில் கிடந்தாள். இப்போது சொல்ல வேண்டாம் என்றார் டாக்டர். அந்த 'இப்போது' இன்னும் முடிந்தபாடில்லை.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல். சின்ன வயதில் அப்பாவே போனில் ஏமாந்திருக்கிறார். ஆகவே தினமும் மாலை ஐந்து மணிக்குக் கண்ணாடிக் கடைக்காரர் கடையின் பின்னறைக்குப் போவார். லென்ஸ் தேய்க்கும் மெஷினை ஓட விடுவார், அது இன்ஜின். ஸ்டாண்ட் ஃபேனை முகத்துக்கு நேரே திருப்புவார். அது கடல் காற்று. "அம்மா, சின்னவன் பேசறேன்" என்று ஆரம்பிப்பார்.

அம்மா அந்தப் போனுக்காகவே காத்திருப்பாள். வாடிக்கையாளர் ஒருவரோடு வாய்த்தகராறில் ஒரு நாள் போன் செய்ய மறந்துவிட்டார். அம்மா அன்று சாப்பிடவில்லை. ராத்திரி பிரஷர் ஏறி டாக்டரை வீட்டுக்கே அழைத்து வர வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு கடையில் கூரையே இடிந்து விழுந்தாலும் ஐந்து மணி போன் தவறியதில்லை.

அம்மா சின்னவனிடம் பேசுவதில் பாதி பெரியவனைப் பற்றிய புகார்தான். பாத்ரூம் லைட் ஆறு மாதமாக எரியவில்லை, சொன்னால் உன் அண்ணன் காதிலேயே வாங்க மாட்டேன் என்கிறான் என்பாள். மறுநாள் புது லைட் எரியும். மத்தியானச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டு வருகிறான், நீயாவது கண்டித்து வை என்பாள். கண்டித்து வைக்கிறேன் என்று தம்பியாக வாக்குக் கொடுத்துவிட்டு, போனை வைத்ததும் அண்ணனாக உட்கார்ந்து ஆறிப்போனதைச் சாப்பிடுவார். வீட்டுக்குப் போனால், "சின்னவன் பேசினான்டா" என்று அவர் பேசியதையே அவரிடம் சொல்வாள். அவரும் முதல் தடவை கேட்பது போல் கேட்டுக்கொள்வார். துக்கத்தை அவர் அழுது தீர்க்கவே இல்லை. அதற்கு நேரமில்லை, தம்பி உயிரோடல்லவா இருந்துகொண்டிருந்தான்.

இந்தக் கப்பல் பயணமும் அம்மா இழுத்துவிட்டதுதான். "இருபது வருஷமா கப்பல்ல சுத்தறே. உன் அண்ணனையும் அண்ணியையும் ஒரு தடவை கப்பல்ல அனுப்பி வச்சிருக்கியாடா? வாடிப்போன அவன் முகத்தைப் பார்க்கவே முடியலை" என்று ஒரு நாள் சின்னவனைப் பிடித்துக்கொண்டாள். அவர் எவ்வளவோ மழுப்பிப் பார்த்தார். விடவில்லை. கடைசியில் செத்துப்போன தம்பியின் அன்பளிப்பாக, தனக்கும் மனைவிக்கும் தானே ஐந்து நாள் டிக்கெட் எடுத்தார். வீட்டோடு தங்க ஒரு நர்ஸை வைத்தார். ஐந்து மணிக்குத் தம்பி கூப்பிடுவான் என்று மட்டும் அவளிடம் சொல்லி வைத்தார். முதல் நாள் துறைமுகத்திலிருந்தே பேசியாகிவிட்டது. இது இரண்டாம் நாள்.

தம்பியாகப் பேசும் விஷயம் தெரிந்த ஒரே துணை மனைவிதான். அறைக்கு ஓடிவந்து மூச்சு வாங்க நின்றவரிடம் அவள் ஒரு யோசனை சொன்னாள்.

"நர்ஸ் போன்ல வாட்ஸ்அப் இருக்குல்ல? இந்த நெட்ல கால் பேசினா விட்டு விட்டுத்தான் கேக்கும், பேசி ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. அவ அத்தை காதுல வச்சுக் காட்டட்டும்."

நல்ல யோசனை. கட்டிலில் உட்கார்ந்து ரெக்கார்ட் செய்தார். போட்டுக் கேட்டால் டாக்டர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. கப்பலுக்குள் கப்பல் சத்தமே இல்லை. மேல் தளத்துக்குப் போய்ப் பேசினார்; காற்று அடித்த அடியில் ஒரு வார்த்தை கூடப் பதியவில்லை. கடையில் ஃபேன் எவ்வளவு அளவாக வீசும் என்று அப்போதுதான் தெரிந்தது.

திரும்பவும் அறைக்கு வந்தார். மனைவி பாத்ரூமிலிருந்து ஹேர் டிரையரை எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். நிஜக் கப்பலில் உட்கார்ந்துகொண்டு, கப்பலில் இருப்பது போல் நடிக்க இவ்வளவு பாடு.

"அம்மா, சின்னவன் பேசறேன். இன்னிக்கு இன்ஜின்ல கொஞ்சம் வேலை ஜாஸ்திம்மா" என்று அவர் ஆரம்பித்ததும் கூரையிலிருந்த ஸ்பீக்கர், ஏழாம் தளத்தில் தம்பதியருக்கான பலூன் உடைக்கும் போட்டி தொடங்குவதாக அறிவித்தது. சரக்குக் கப்பலில் பலூன் உடைப்பது யார்? அழித்துவிட்டு மறுபடி பேசினார்.

இந்தத் தடவை நன்றாக வந்தது. சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டுக்கொள், எனக்கு ஒன்றும் இல்லை, நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிற மனிதர், தன் கண்ணாடியைப் போடாமலே அனுப்பும் பட்டனை அழுத்தினார்.

அது நர்ஸுக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த வரியிலிருந்த 'சொந்தபந்தம்' குரூப்புக்குப் போய்விட்டது. அதில் நாற்பத்தாறு பேர்.

முதலில் அப்பாவின் தங்கையான அத்தை எழுதினாள்: 'யார் இது, சின்னவன் குரல் மாதிரியே இருக்கே.' சித்தப்பா மகள் அழுகிற முகமாக ஒன்பது அனுப்பினாள். ஞாபகம் தப்ப ஆரம்பித்திருந்த பெரியப்பா மட்டும், 'நல்லது தம்பி, எப்போ லீவு?' என்று கேட்டிருந்தார்.

"அழிங்க, சீக்கிரம் அழிங்க" என்று பதறிய மனைவி, எல்லாரிடமும் சொல்லிவைக்கிறேன் என்று தன் போனையும் வைஃபையில் இணைத்தாள். பேக்கேஜ் ஒரு போனுக்கு மட்டும்தான். அவள் உள்ளே வந்ததும் அவரை வெளியே தள்ளியது. அவர் திரும்ப உள்ளே போனார். அவள் வெளியே விழுந்தாள். இப்படி நாலு தடவை தள்ளிவிட்டுக்கொண்ட பிறகு இருவருக்கும் சேர்த்தே இணைப்புப் போய்விட்டது. வரவேற்புப் பெண்ணைக் கேட்டால், மழை மேகம் சார், சாட்டிலைட் கிடைக்கவில்லை, விலகினால் வந்துவிடும் என்றாள்.

மறுநாள் முழுக்க மேகம் விலகவில்லை.

அந்த நாற்பத்தாறு பேரில் அத்தை உள்பட நாலு பேரிடம் அம்மாவின் நம்பர் இருக்கிறது. தம்பி செத்ததைப் பற்றி அம்மாவிடம் வாயைத் திறக்க மாட்டோம் என்று எல்லாரும் சத்தியம் செய்தவர்கள்தான். ஆனால் செத்தவன் குரலைக் கேட்ட பிறகு யாரால் சும்மா இருக்க முடியும்? அம்மாவுக்கு ஒரே நாளில் இரண்டு இடி விழும். சின்னவன் இல்லை என்பது ஒன்று. பெரியவன் இரண்டு வருஷமாக ஏமாற்றினான் என்பது இன்னொன்று.

மாலை ஐந்து மணிக்கு அவர் மேல் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு பக்கமும் தண்ணீர். கரை என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே இல்லை. கையில் போன் சும்மா கிடந்தது. தம்பி கடைசியாக லீவில் வந்திருந்தபோது, அம்மாவுக்கு ஒரு போன் போடக் கூடவா உனக்கு நேரமில்லை என்று அவனை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். இப்படித்தானே அவனும் நின்றிருப்பான், பேச ஆசையிருந்தும் வழியில்லாமல். இரண்டு வருஷமாக வராத அழுகை அவருக்கு அங்கே வந்தது. மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அவர் கையிலிருந்த போனை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் காலையில் கப்பல் ஒரு துறைமுகத்தை நெருங்கியது. டவர் வந்ததும் போன் விடாமல் துடித்தது. குரூப்பில் நூற்றுப் பதினெட்டு மெசேஜ். எதையும் படிக்கவில்லை. வீட்டுக்குப் போட்டார். நர்ஸ் எடுத்தாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க சார். சாப்பிட்டு மாத்திரை போட்டாச்சு. கூடத்துல பேப்பர் படிச்சுட்டிருக்காங்க."

"சாப்பிட்டாங்களா? ரெண்டு நாளா தம்பி போன் வரலையே?"

"தினமும் நல்லாத்தான் சாப்பிடறாங்க."

அவருக்கு நம்ப முடியவில்லை. சொந்தக்காரர்கள் யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டார். நேற்று மத்தியானம் அத்தை கூப்பிட்டதாகவும், ரொம்ப நேரம் அழுததாகவும், அம்மாதான் சமாதானம் சொல்லிப் போனை வைத்ததாகவும் நர்ஸ் சொன்னாள். கண்ணாடிக் கடைக்காரர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு."

நர்ஸ் நடந்து தள்ளிப் போகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்:

"உங்க அத்தை சொல்லித் தெரியலை சார். முந்தாநாள் அஞ்சு மணிக்குப் போன் வராம நான்தான் பதறினேன். அம்மா சிரிச்சுட்டு, 'சின்னவன் உயிரோட இருந்தப்போ கப்பல் ஏறினா மூணு மாசத்துக்கு லைனே கிடைக்காது, அவன் கண்ணை மூடினதுக்கு அப்புறம்தான் தினமும் டாண்ணு அஞ்சு மணிக்குக் கூப்பிடறான். அஞ்சு நாளாவது பெரியவன் பெரியவனா இருந்துட்டு வரட்டும், நீ அவனுக்குப் போன் பண்ணிடாதே'ன்னு சொல்லிட்டு சாப்பிட உட்கார்ந்துட்டாங்க சார்."