கிளிப்பச்சைச் சட்டைக்காரர்

"அண்ணா, எங்கப்பா இவ்ளோ வெளுப்பு கெடையாதுண்ணா" என்றாள் ரேணுகாதேவி.

ஆனந்தன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான். மணமக்களுக்குப் பின்னால், சுவரோரமாக, முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு ஓர் ஆள் நின்றிருந்தார். அவர் மட்டுமா? மாப்பிள்ளை, பெண், சுவர், தட்டிலிருந்த தேங்காய் எல்லாமே சாம்பல் பூசியதுபோலத்தான் இருந்தன.

"இது கேமராவுல எடுத்தபடியே இருக்குதும்மா. கலரக் கொறச்சு எடுத்து வச்சிக்கினா, பின்னால நம்ம இஷ்டத்துக்கு ஏத்திக்கலாம். இப்பதான் கலரே குடுக்கப் போறேன்."

"குடுங்க. ஆனா எங்கப்பா கலரா குடுங்க."

அந்தக் கல்யாணம் நடந்து ஒன்பது வருடமாகிறது. நெல்லிவாசல்நாட்டில் ரேணுகாவின் தாய்மாமனுக்கு நடந்தது. ரேணுகாவின் அப்பா மாதையன் இறந்து மூன்று வருடம். மனிதர் கேமரா இருக்கிற பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். அவருடைய படம் என்று வீட்டில் இருந்தது ஆதார் அட்டையில் மட்டும்தான். அதிலும் ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர்போல முழித்துக்கொண்டிருந்தார்.

வருகிற புதன்கிழமை ரேணுகாவுக்குக் கல்யாணம். மண்டபத்தில் பெரிய திரை வைத்து, அப்பா அசைவதை ஒரு நிமிடமாவது எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். ஜமுனாமரத்தூரில் ஆனந்தனின் ஸ்டூடியோவுக்கு வந்து, பழைய ஹார்ட் டிஸ்கில் இந்த ஆளைக் கண்டுபிடித்தது அவள் அம்மா அம்சவல்லி. முகத்தை வைத்து அல்ல. இரண்டு பாக்கெட் வைத்துத் தைத்த சட்டையை வைத்து.

ஆனந்தன் கறுப்பை ஏற்றினான்.

"அண்ணா, பொண்ணு எங்கண்ணா?"

பெண்ணைக் காணவில்லை. மாப்பிள்ளையின் பல் மட்டும் தெரிந்தது. ஆனந்தன் அவசரமாக வெளிச்சத்தைக் கூட்டினான். பெண் வந்துவிட்டாள், மாதையன் மறுபடி வெளுத்துவிட்டார்.

"தம்பி, மூஞ்சிய அப்புறம் பாத்துக்கலாம். சட்டை கிளிப்பச்ச. சந்தையில நாந்தான் எடுத்துக் குடுத்தேன். ஊரே பாக்குதுடி, வேணான்னாரு. நாந்தான் கட்டாயப்படுத்திப் போட வச்சேன்" என்றாள் அம்சவல்லி. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது; சிரித்த கையோடு மூக்கை உறிஞ்சினாள்.

ஆனந்தன் பச்சையைக் கூட்டினான். சட்டை பச்சையானது. சுவரும் பச்சையானது. தாலிக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த பெண்ணின் மஞ்சள் பூசிய முகமும் பச்சையானது.

"எந்தம்பி பொண்டாட்டி பாத்தா இன்னா நெனப்பா?" என்றாள் அம்சவல்லி.

"இருங்கக்கா, சட்டைய மட்டும் தனியாக் கட்டம் போட்டுப் புடிக்கிறேன்."

கட்டம் போட்டான். ஆனால் படத்தில் வெளிச்சம் ஆடியது. வெளிச்சம் ஆட ஆட, பச்சை சட்டையை விட்டுக் கிளம்பிப் பக்கத்தில் நின்ற பெரியவரின் மொட்டைத் தலைமேல் போய் உட்கார்ந்தது.

"எல்லாம் இந்த லைட்டால வர்ற வெனை" என்றான் ஆனந்தன். "வூட்டுக்குள்ள ஜன்னலே இல்ல. லைட்டுப் புடிக்க வர்றேன்னவன் வராம போய்ட்டான். யாரு கையிலயோ குடுத்தேன். பாருங்க, எப்டி ஆட்டியிருக்கான்னு! மஞ்ச மஞ்சேன்னு அடிச்சு வச்சிருக்கான்."

திட்டிக்கொண்டே இருந்தவனுக்கு அந்த நாள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. சொந்தக் கேமரா வாங்கி அவன் எடுத்த முதல் கல்யாணம் அது. ஜீப் போகிற மட்டும் போய், பிறகு ஜெனரேட்டரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சாமைச் சோறும் மொச்சைக்குழம்பும் போட்டார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் "சாப்ட்டியா தம்பி?" என்று கேட்டார்கள். இப்போது டிரோன் விட்டு வானத்திலிருந்து உச்சந்தலைகளைப் படம் பிடிக்கிறான். சாப்பிட்டாயா என்று அவனை யாரும் கேட்பதில்லை. அந்த நாளுக்குத் திரும்பிப் போய்விடலாம்போல ஏக்கமாக இருந்தது அவனுக்கு.

"தம்பி, தூங்கிட்டியா?"

"இல்லக்கா. அந்த லைட்ட மொத்தமாத் தொடச்சுட்றேன்."

மஞ்சளை எடுத்தான். மாப்பிள்ளை நீலமாகி, குளிரில் விறைத்துவிட்டார். அவரைச் சூடாக்கினால் தேங்காய் சிவந்தது. தேங்காயைச் சரிசெய்தால் மாதையனுக்கு ஜுரம் வந்தது. காலையில் ஆரம்பித்த வேலை, மூன்று டீக்கும் ஒரு மின்வெட்டுக்கும் பிறகு மதியம்தான் முடிந்தது. ஆட்டமும் இல்லை, மஞ்சளும் இல்லை. கிளிப்பச்சைச் சட்டையில், நல்ல கறுப்பாக, அந்த ஆள் அமைதியாக நின்றார்.

"இதான் எங்கப்பா கலரு" என்றாள் ரேணுகா.

அம்சவல்லி திரையைத் தொட்டுப் பார்த்தாள். "இருக்கும்போது ஒரு போட்டோ எடுத்துக்கய்யான்னா ஓடுவ. இப்ப மாட்டிக்கினியா?" என்று அழுதாள்.

அப்போது ஜீப் ஓட்டும் ராஜேந்திரன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"யக்கா, ஜீப்பு ரொம்பிடுச்சு. கெளம்பலாமா?" என்றவன் திரையைப் பார்த்ததும் உள்ளேயே வந்துவிட்டான். "இன்னாண்ணா, என்னிய இவ்ளோ கறுப்பாக்கி வச்சிருக்க?"

திரைமேல் இருந்த கையை அம்சவல்லி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இன்னாடா ஒளற்ற? அது எங்கூட்டுக்காரரு சட்டைடா" என்றாள் அம்சவல்லி.

"சட்டை மாமாதுதாங்க்கா. ஆளு நானு. பொண்ணு வூட்டாரை ஜீப்புல கூட்டியாந்தேன்ல? டிபன் பந்தியில எம்மேல சாம்பாரக் கொட்டிட்டாங்க. மாமாதான் கழட்டிக் குடுத்தாரு. நீங்க அடுப்பாண்ட இருந்தீங்க."

ரேணுகாவின் முகம் வாடிவிட்டது. "அப்ப எங்கப்பா இதுல எங்கயுமே இல்லையா?"

அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது ஆனந்தனுக்கு. "காலைலேர்ந்து உக்காந்து, அந்தப் பாழாப்போன லைட்டத் தொடச்சதுதாம்மா மிச்சம்" என்றான்.

"அய்யய்ய, அத்த ஏண்ணா தொடச்ச?" என்றான் ராஜேந்திரன். "வெறும் துண்டோட வீடியோவுல எப்டி நிக்கிறதுன்னு, மாமாதான அந்த லைட்ட வாங்கிப் புடிச்சிக்கினு உம் பின்னாடி நின்னாரு!"