அந்தமானுக்கு நல்ல மாதம் எது?

கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. நூறு விஷயத்துக்குப் பயந்து, நூறுக்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுவோம். பயப்பட மறந்துபோன ஒன்று வந்து காலை வாரிவிடும். என் காலை வாரியது தண்ணீர். அதுவும் நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில்.

என் வீட்டுக்காரர் செல்வராசுக்குப் போர்வெல் வண்டியில் வேலை. திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் ரிக் வண்டியோடு கர்நாடகா, ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று பூமியில் ஓட்டை போட்டுக்கொண்டு திரிவார். எங்கே மழை இல்லையோ அங்கே வண்டி நிற்கும். மழை பிடித்துக்கொண்டால்தான் வண்டி ஓயும், அவரும் புதுச்சத்திரத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வருவார். அதனால் கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து போன இடமெல்லாம் மழையில் போனதுதான். ஏற்காட்டில் மூடுபனியைப் பார்த்தோம். ஒகேனக்கல்லில் வெள்ளம் என்று உள்ளேயே விடவில்லை. மேட்டூர் அணைக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோவில் அணை தெரியாது, குடை தெரியும். (குடைக்குக் கீழே இருப்பது நாங்கள்தான் என்று சொன்னால் நம்ப வேண்டும்.)

எங்கள் மகள் சௌமியா வேலைக்குப் போன புதிதில் சொன்னாள்: “அம்மா, ஒரே ஒரு தடவ மழையில்லாத மாசமாப் பாத்து நீயும் அப்பாவும் அந்தமான் போய்ட்டு வாங்க. டிக்கெட் நான் போட்டுத் தாரேன். மாசத்த மட்டும் நீ சொல்லு.”

மாதத்தை என்னிடம் விட்டதுதான் அவள் செய்த தப்பு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பூகோளப் புத்தகத்தில் அந்தமான் என்பது இந்தியா சாப்பிடும்போது சிந்திய நாலு பருக்கை மாதிரி ஓரத்தில் கிடக்கும். அவ்வளவுதான் தெரியும். ஆனால் பயப்படுவதற்குப் படிப்பு எதற்கு?

காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சித்திரைக் கடைசியிலேயே அங்கே மழை எட்டிப் பார்க்கும், வைகாசியில் தொடங்கினால் புரட்டாசி வரை விடாது என்றார்கள். ஆடியில் நம்ம ஊர்க் காற்றுக்கே அம்மி பறக்கும், கடலில் கப்பல் என்ன ஆகும்? ஐப்பசி, கார்த்திகையைப் பற்றிப் பேசவே வேண்டாம். செய்தியில் எந்தப் புயலைச் சொன்னாலும் ‘அந்தமான் அருகே’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். புயலுக்கெல்லாம் அதுதான் பிறந்த வீடு. மார்கழி, சுனாமி வந்த மாதம். தையில் பொங்கல். மாசியில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்காமல் கடல் தாண்டினால் விமானம் திரும்பி வருமா? கடைசியில் மிஞ்சியது பங்குனி.

பங்குனி என்றால் ரிக் வண்டிக்கு உச்சகட்ட நேரம். முதலாளியிடம் இவர் லீவு கேட்டபோது ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

“பங்குனில லீவா? ஏப்பா, ஆராச்சும் செத்துப்போய்ட்டாங்களா?”

“இல்லீங்க. கடல் பாக்கப் போறோமுங்க.”

“கடல்ல போர் போடப் போறியா?”

சிரித்து முடித்துவிட்டு ஒரு வாரம் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் பங்குனியில் கிடைத்த முதல் லீவு. இது வீணாகிவிட்டால் இன்னொரு பங்குனி இந்த ஜென்மத்தில் இல்லை என்று அன்றைக்கே கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன்.

தங்கப்போகிற லாட்ஜின் முதலாளிக்கு நானே போன் செய்தேன். ராமநாதபுரத்துக்காரர், அப்பா காலத்திலேயே அங்கே போய்ச் சேர்ந்தவர். நம்ம பாஷை பேசுகிற மனிதர் என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் கூப்பிட்டேன். முதலை வருமா? பாம்பு உண்டா? நிலநடுக்கம் வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும்? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். “பங்குனியில கண்ண மூடிக்கிட்டு வாங்க தங்கச்சி. ஒரு சொட்டு மழை இருக்காது.”

ஒரு சொட்டு மழை இருக்காது. அதைக் கேட்டு நெஞ்சில் கை வைத்து நிம்மதியாக மூச்சு விட்டேன். மழை இல்லாத ஊரில் என்ன இருக்காது என்பது ஊரிலேயே யாருக்குத் தெரிய வேண்டும்? எனக்கு! எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே அந்தக் கணக்கில்தான். முதலையைக் கேட்டவள் குளிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

போய்ச் சேர்ந்த அன்று எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சொன்னபடி வானத்தில் ஒரு மேகம் இல்லை. கடல், சாயப்பட்டறைக்காரர் தொட்டியில் கலக்கி வைத்த நீலம். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

“வா புள்ள, காலையாச்சும் நனை.”

“வேண்டாமுங்க. நான் இங்கிருந்தே பாத்துக்கறேன்.”

“இங்கிருந்து பாக்கறதுக்கு ஊட்டுலயே டிவில பாத்திருக்கலாமல்லோ?”

நான் அசையவில்லை. அலை வந்து நிற்கிற கோட்டிலிருந்து பத்தடி தள்ளி நின்றேன். (அலை கோட்டை மீறினால்?) சும்மா நிற்க வேண்டாமே என்று சௌமியாவுக்காக ஓர் அழகான சங்கைப் பொறுக்கி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். மறுநாள் காலையில் படகில் ஒரு குட்டித் தீவுக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே கடலுக்கடியில் கிடக்கிற கல்கூடத் தெரியும் என்றார்கள். அங்கேயாவது என்னைத் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும் என்பது இவருடைய ஆசை. அதற்குத்தான் ரிக்கை விட்டுவிட்டு வந்திருக்கிறார் மனிதர். இறங்கியே தீருவது என்று நானும் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

விடிந்து எழுந்து குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்தது. குளிக்காமல் நேற்றைய சேலையோடே நின்றேன்.

“கோடைன்னா இங்க இப்பிடித்தான் தங்கச்சி,” என்றார் லாட்ஜ் முதலாளி. “முனிசிபாலிட்டி தண்ணி எப்பயாவதுதான் வரும். நம்ம போர்தான் கைகுடுக்கும். இன்னைக்கு அதுவும் காத்துதான் தள்ளுது.”

‘போர்’ என்ற சொல் காதில் விழுந்ததுமே என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கடலைப் பார்த்தபோதுகூட வராத வெளிச்சம்.

“எத்தன அடிங்க? மோட்டார் எங்க நிக்குது?”

“ஏனுங்க,” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு, “படகுக்கு நேரமாச்சு.”

“பத்து நிமிசம் புள்ள. தண்ணி கீழ எறங்கியிருக்கும். மோட்டாரக் கொஞ்சம் எறக்கி உட்டாப் போதும்.”

லாட்ஜின் பின்புறம் போர்க்குழி. பக்கத்தில் ஒரு தென்னை மரம். இவரும் முதலாளியும் மோட்டாரை வெளியே இழுத்து, ஓஸ் பைப்பை நீட்டிக் கட்டி, மறுபடி உள்ளே இறக்கினார்கள். மோட்டாரைத் தாங்குகிற நைலான் கயிற்றைத் தென்னை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை என் கையில் கொடுத்தார்.

“கொஞ்சங் கொஞ்சமா உடு. நான் சொன்னா நிறுத்து.”

“முடிச்சுப் போட்டுரலாமுங்களே, பயமா இருக்குது.”

“முடிச்சுப் போட்டா எப்படிப் புள்ள எறங்கும்? மரந்தான் பாரம் தாங்குது. நீ கவுறப் புடிச்சிருந்தாப் போதும்.”

பிடித்தேன். உயிரைப் பிடிப்பதுபோலப் பிடித்தேன். கயிறு அறுந்தால்? தென்னை மரம் சாய்ந்தால்? தலையில் தேங்காய் விழுந்தால்? மேலே ஒரு கண், கீழே ஒரு கண்ணாக நின்றேன். மோட்டார் முக்கால்வாசி தூரம் இறங்கிவிட்டது. “நிறுத்து, இனிப் பைப்பப் புடிக்கக் கிளாம்ப் மாட்டோணும். உட்றாத,” என்று இவர் குனிந்தார். பைப்பிலிருந்து கையை எடுத்தார். அப்போது மோட்டார், பைப், அந்த லாட்ஜின் மானம் எல்லாம் என் இரண்டு கைகளில்.

என் இடுப்பில் ஏதோ நகர்ந்தது.

முந்தானையில் நேற்று முடிந்து வைத்த சங்கு. அது நடந்தது. முடிச்சை நெகிழ்த்திக்கொண்டு, குட்டிக் குட்டிக் கால்களோடு, என் வயிற்றின் மேல் ஏறி நடந்தது.

சங்குக்குள் நண்டு குடியிருக்கும் என்று எட்டாவது வரைக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. (அதற்கு மேல் சொல்லித் தந்திருக்கலாம்.) “ஐயோ” என்று கத்திக்கொண்டு இரண்டு கையாலும் முந்தானையை உதறினேன். இரண்டு கையாலும்.

கயிறு தென்னை மரத்தைச் சுற்றிச் சர்ரென்று ஓடியது. சாரைப் பாம்பு பொந்துக்குள் போவதுபோல அதன் வால் நுனி குழிக்குள் போனதைப் பார்த்தேன். அதைத் தொடர்ந்து பைப், ஒயர். அடியிலிருந்து ‘தொம்’ என்று ஒரு சத்தம். பிறகு கடல் சத்தம் மட்டும்தான் கேட்டது.

“தங்கச்சி… கயிறு?” என்றார் முதலாளி மெதுவாக.

“சங்கு நடந்துச்சுங்க,” என்றேன்.

இவர் குழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நண்டு எங்கள் மூவருக்கும் நடுவில் நிதானமாக நடந்து போனது.

அன்றைக்குப் படகு போனது. நாங்கள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ரிக் வண்டிக்காரன் பெண்டாட்டி குழிக்குள் தள்ளிய மோட்டாரை எடுக்காமல் எப்படிக் கிளம்புவது என்று இவர் கம்பியை வளைத்துக் கொக்கி செய்து, குழிக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தார். லாட்ஜில் தங்கியிருந்த அத்தனை பேரும் தோளில் துண்டும் கையில் சோப்புமாகக் கடலுக்கு நடந்தார்கள். போகிற வழியில் என் ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மழை வராதா என்று அந்தமான் வானத்தைப் பார்த்து வேண்டினேன். எந்த மழைக்குப் பயந்து பன்னிரண்டு மாதங்களை அலசினேனோ, அதே மழையை.

கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் கொக்கியில் கயிறு மாட்டியது. மோட்டார் மேலே வந்தது. மறுபடி இறக்கும்போது, கூப்பிடு தூரத்தில்கூட நான் நிற்கக் கூடாது என்று இருவரும் சேர்ந்து கேட்டுக்கொண்டார்கள். இவர் உடம்பெல்லாம் சேறும் கிரீசுமாக வந்து நின்றார். தொட்டி இன்னும் நிறையவில்லை. நானும் குளிக்காதவள். எனக்கு அருகில் நிற்க எனக்கே பிடிக்கவில்லை.

“வா புள்ள, கடலுக்குப் போலாம்.”

வேறு வழி? போனேன். அலை வந்து நிற்கிற கோடு வந்ததும் கால் தானாக நின்றது. அவர் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு ஓர் அடி, இன்னோர் அடி. முழங்கால், இடுப்பு. வெதுவெதுப்பான தண்ணீர். என் கால் விரல்கள் எனக்கே தெரிந்தன. ஓர் அலை வந்தது.

“ஏனுங்க, உட்ற மாட்டீங்கல்லோ?”

“நானெதுக்கு உடறேன்?” என்றார். “நான் என்ன உன்னையாட்டமா?”

சிரித்துச் சிரித்து உப்புத்தண்ணீரைக் குடித்தேன். முதுகில் வெயில் அடித்தது. தலைக்கு மேல் குடை இல்லை.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிறது. கதை எங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருந்தது. இவரே வண்டிக்காரர்களுக்குப் போனில் சொல்லிவிட்டார். மத்தியப் பிரதேசத்தில் நிற்கிற வண்டியில்கூட யாராவது கவனமில்லாமல் கயிற்றைப் பிடித்தால் “அண்ணி மாதிரி புடிக்காதீங்கடா” என்று கத்துகிறார்களாம். வீட்டில் தண்ணீர் மோட்டாரைக் கழற்றுகிற நாளில் சௌமியா முதலில் என்னை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துகிறாள். “உள்ள சங்கு இருக்கான்னு பாத்துக்க அம்மா,” என்று வெளியிலிருந்து குரல் வரும்.

அக்கம்பக்கத்தில் அந்தமான் போகிறவர்கள் இப்போதும் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள், எந்த மாதம் நல்லது என்று. நான் யோசிக்காமல் சொல்லிவிடுகிறேன்: நல்ல மழைக்காலத்தில் போங்கள். கடல் சரியாகத் தெரியாது. ஆனால் யாரும் உங்கள் கையில் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள்.