இடது சீட்டுக் காத்தாடி

பூமியில் பிறந்த மனிதர்களில் என்னை இந்த அளவுக்கு வயிறெரிய வைத்தவன் காத்தாடி ஒருவன்தான். என் மைத்துனன் மாடி வீடு கட்டியபோதுகூட நான் ஒரு வாரத்தில் தேறிவிட்டேன். காத்தாடி விஷயத்தில் பத்தாம் வகுப்பிலிருந்து தேறவில்லை.

காத்தாடி என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. அவன் விமானம் ஓட்டுகிறவன். சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே போய்வருகிற சின்ன விமானம். வேலையில் சேர்ந்த புதிதில் அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று எடுத்த படத்தை, குற்றாலம் ரோட்டில் பஜ்ஜிக்கடை அண்ணாச்சியிடம் காட்டினான். அண்ணாச்சி எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு செல்போனை வாங்கி வெகு நேரம் பார்த்தார்.

"ஏலே, ரெக்கையில என்னது, காத்தாடியா மாட்டிருக்கு?"

"அது புரொப்பல்லர் அண்ணாச்சி."

"அதான்லே, காத்தாடி. கரண்டு போச்சுன்னா என்ன செய்வே?"

அன்றோடு அவன் காத்தாடி ஆனான். கடையில் இருந்தவர்களில் அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான். ஊர் அவனைக் 'கேப்டன்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தால் நான் தென்காசியைக் காலி செய்துவிட்டுத் திருவேங்கடம் பக்கம் போயிருப்பேன்.

என் வயிற்றெரிச்சலில் நியாயம் உண்டு. நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் டிக்கெட் போட்டு எத்தனையோ பேரை அனுப்பியவன், விமானத்தின் படியில்கூடக் கால் வைத்ததில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே கணக்கைத் தப்பாகப் போட்டு, ஒரே பிரம்பில் அடி வாங்கிய இரண்டு பேரில் ஒருவன் வானத்தில், இன்னொருவன் கவுண்டரில்.

போதாக்குறைக்கு என் வியாபாரமும் அவனை வைத்துத்தான் நடந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் டிரைவர் யாரென்று எட்டிப் பார்ப்பார்கள். விமானத்துக்கும் அதே வழக்கம். கீழப்பாவூரிலிருந்து ஒரு அத்தை அடிக்கடி சென்னையிலிருக்கும் மகளைப் பார்க்கப் போவார்.

"தம்பி, நம்ம காத்தாடி ஓட்டுத பிளைட்டுதான? அவன் இல்லன்னா எனக்கு வேண்டாம். நான் ரயில்லயே போயிக்கிடுதேன்."

எந்த விமானத்தை யார் ஓட்டுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவன்தான் ஓட்டுகிறான் என்று சொல்லி டிக்கெட்டைப் போட்டுவிடுவேன். ஒரு தடவை அத்தை திரும்பி வந்து, "மைக்குல பொம்பளப் புள்ளல்லா பேசுச்சு?" என்று பிடித்துக்கொண்டார். "காத்தாடிக்கு அன்னைக்குத் தொண்டை கட்டிருந்துச்சு அத்தை" என்று சமாளித்தேன்.

லீவு கிடைத்தால் காத்தாடி ஊருக்கு வந்துவிடுவான். வந்தால் என் ஸ்கூட்டரில்தான் சுற்றுவோம். சும்மா ஏறி உட்கார்ந்து கிளம்புகிற வேலையே கிடையாது. முதலில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். டயரை உதைப்பான். குனிந்து அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்ப்பான். பிறகு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சத்தமாகக் கேட்பான். நான் பின்னாலிருந்து சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும்.

"ஹெல்மெட்?"

"போட்டாச்சு."

"சைடு ஸ்டாண்டு?"

"எடுத்தாச்சு."

"பெட்ரோல்?"

"இருக்குலே. பஜ்ஜி ஆறிருச்சு, கிளம்பு."

"அது லிஸ்ட்ல இல்ல."

தெருவே வாசலில் நின்று பார்க்கும். என் மனைவி மல்லிகா உட்பட. "அவுக எவ்வளவு நிதானமா செய்தாக பாருங்க. நீங்களும் இருக்கீகளே, சாவிய எங்க வச்சோம்னு வீட்டையே பொரட்டுதீக" என்பாள். அந்த வண்டி என்னுடையது, தவணை கட்டியது நான் என்பதெல்லாம் அவளுக்குத் தோன்றாது.

செங்கோட்டைப் பக்கம் பரோட்டா சாப்பிடப் போனால் இன்னொரு சட்டம். இரண்டு பைலட்டும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாதாம். சாப்பாட்டில் கோளாறு என்றால் ஒருவனாவது தெம்பாக இருக்க வேண்டுமாம். சர்வர் வந்ததும் பரோட்டாவும் மிளகுக் கோழியும் தனக்கென்று சொல்லிவிடுவான். எனக்கு இட்லி. அடுத்த முறை நான் முந்திக்கொண்டு பரோட்டா கேட்டேன். "கேப்டன்தாம்லே மொதல்ல சொல்லணும்" என்று சர்வரைப் பார்த்து மாற்றிவிட்டான். பரோட்டாவுக்குப் பேர்போன பார்டர் கடைக்குப் போய் இட்லி தின்றுவிட்டு வந்த ஒரே தென்காசிக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

விமானத்தில் இடது சீட்டு கேப்டனுக்கு, வலது சீட்டு துணை பைலட்டுக்கு. இடது சீட்டுக்கு வர அவனுக்குப் பல வருஷம் ஆயிற்று. வந்த பிறகு தரையிலும் அதை விடவில்லை. பஸ், சினிமா தியேட்டர், கல்யாணப் பந்தி, எங்கே போனாலும் என் இடப்பக்கம்தான் உட்காருவான். ஆய்க்குடி கோயிலில் அவன் கல்யாணம். தாலி கட்டும்வரை வலப்பக்கம் இருந்த பெண்ணை, கட்டியதும் இடப்பக்கம் மாற்றி உட்காரச் சொன்னார்கள். காத்தாடிக்கு முகம் சுண்டிவிட்டது. பின்னால் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏலே, இனிமே இவதான் கேப்டனா?" என்றான். அந்த வீட்டில் இன்றுவரை அப்படித்தான்.

ஐந்தருவியில் அவனோடு குளிக்கப் போவது தனி அனுபவம். சீசனில் அருவிக்கு அடியில் கால் வைக்க இடமிருக்காது. நாமெல்லாம் முதுகை நுழைத்து இடம் பிடிப்போம். காத்தாடி நேராக வருவான், பார்ப்பான், இடம் சரியில்லை என்று தோன்றினால் அப்படியே திரும்பி, கார் நிறுத்துகிற இடம்வரை நடந்து, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வருவான். தலை நிறைய எண்ணெயோடு நானும் பின்னால் நடக்க வேண்டும். ஒரு நாள் சோப்பு விற்கிற பெண் கேட்டே விட்டாள்: "அண்ணாச்சி, எதையும் தொலைச்சிட்டீகளா?"

மலையைப் பார்த்து மழை சொல்வதிலும் அவனுக்குப் பெரிய நம்பிக்கை. "சாரல் வராது" என்பான். சொல்லி வாயை மூடுவதற்குள் நனைந்துவிடுவோம். அது ஒன்றில்தான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

போன சீசனில்தான் அந்த விஷயம் வந்தது. வளைகுடா நாட்டுப் பெரிய கம்பெனி ஒன்று அவனை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. பெரிய ஜெட் விமானம். சம்பளத்தை என் காதில் சொன்னான். அதை இங்கே எழுதினால் எனக்குத் தூக்கம் போய்விடும். ஒரே சிக்கல், அங்கே மறுபடி வலது சீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இடது சீட்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இங்கேயோ அவன் கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது. இருந்த விமானங்களில் பாதி கொட்டகையில் நின்றது. இந்த வருஷத்தை விட்டால் வயது தாண்டிவிடும், பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பஜ்ஜிக்கடையில் பேச்சு வந்தது.

"இங்கன டிரைவரா இருக்கே. அங்கன போயி கிளீனரா?" என்றார் அண்ணாச்சி.

"கிளீனர் இல்ல அண்ணாச்சி. நானும் ஓட்டுவேன். ரெண்டு பேர் கையிலயும் கன்ட்ரோல் உண்டு."

"ஒரு வண்டிக்கு ரெண்டு ஸ்டியரிங்கா? அப்ப ரெண்டு பேரையும் நம்பாத கம்பெனில்லா அது."

காத்தாடி சிரிக்கவில்லை. பஜ்ஜியைப் பிய்த்துப் பிய்த்து இலையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்து, "நீ என்னலே சொல்லுதே?" என்றான்.

நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அவன் போனால் பெரிய ஜெட், பெரிய சம்பளம், மல்லிகா வாட்ஸப்பில் படம் பார்த்துப் பார்த்து மாய்ந்துபோவாள். போகாவிட்டால் 'சொந்த ஊருக்காக வெளிநாட்டையே உதறினவன்' என்று ஊர் கொண்டாடும், அதையும் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். எப்படிப் போனாலும் எரியப்போவது என் வயிறுதான்.

கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். "நீ ஒரு தடவகூட ஏறுனதில்ல. என் பிளைட்ல வந்துட்டுச் சொல்லு." அதற்காகவே சென்னைக்கு ரயிலில் போய், அவன் ஓட்டுகிற விமானத்தில் தூத்துக்குடிக்கு ஏறினேன். பக்கத்து சீட்டில் நம் கீழப்பாவூர் அத்தை, மகள் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்.

மைக்கில் அவன் குரல் வந்தது. "தூத்துக்குடியில் வானிலை நன்றாக இருக்கிறது. மழைக்கு வாய்ப்பில்லை." நான் உடனே பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

நினைத்தபடியே இறங்குகிற நேரத்தில் மழையும் காற்றும் வந்தன. தரை கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. திடீரென்று காத்தாடிகள் இரண்டும் உறுமின, விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறியது. ஆளாளுக்கு அலறினார்கள். அத்தை என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

எனக்கு மட்டும் பயம் வரவில்லை. "ஒண்ணுமில்ல அத்தை. எடம் சரியில்லன்னா அவன் எறங்க மாட்டான். ஒரு சுத்து சுத்திட்டு வருவான். ஐந்தருவியிலயே அப்படித்தான்" என்றேன். முன் சீட்டு, பின் சீட்டு எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக விமானத்தில் ஏறியவன் ஆளுக்கு ஆள் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது முறை பூப்போல இறக்கினான். மழையில் இறங்கிய அத்தை நேராக வெளியே போகாமல் விமானத்தின் முன்பக்கம் நடந்து, இடப்பக்கக் கண்ணாடிக்குள் தெரிந்த காத்தாடியைப் பார்த்து இரண்டு கையும் தூக்கிக் கும்பிட்டார். காவலர் வந்து அழைத்துப் போகும்வரை நகரவில்லை. உள்ளே அவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது வந்த பொறாமை மாதிரி எனக்கு எப்போதும் வந்ததில்லை. சம்பளத்தின் மேலோ யூனிபாரத்தின் மேலோ இல்லை. அத்தனை பேர் பின்னால் அலறும்போது, 'இது சரியில்லை, திரும்பிப் போய் வருவோம்' என்று ஒருவனால் முடிவெடுக்க முடிகிறதே, அதன் மேல். நான் என்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று எப்படியாவது இறக்கித் தொலைத்திருப்பேன்.

அவன் டியூட்டி முடிந்ததும் நானும் அவனும் தென்காசிக்கு வாடகைக் காரில் வந்தோம். ஆலங்குளம் தாண்டியதும் நான், "நீ போயிருலே" என்றேன்.

"நெசமாச் சொல்லுதியா, வயித்தெரிச்சல்ல சொல்லுதியா?"

"ரெண்டுந்தான். ஆனா போ. இங்கன கும்பிடுதாகன்னு இருந்துராத. நாளைக்குக் கம்பெனி ஷட்டர இறக்கிட்டா நீ என் கவுண்டர்லதான் வந்து உக்காருவே. ஒன்ன அப்படிப் பாக்க என்னால ஆகாது."

"மறுபடி வலது சீட்டுலே."

"நீ எந்த சீட்டுல உக்காந்தாலும் எனக்கு எரியத்தாம்லே செய்யும்."

அவன் சிரித்தான். சிரித்துவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அதுக்குத்தாம்லே ஒங்கிட்ட கேட்டேன். மத்தவுக எல்லாம் எனக்கு நல்லது நெனைக்குதாக. நான் எவ்வளவு உசரத்துல இருக்கேன்னு ஒனக்குத்தான் சரியாத் தெரியும்."

காத்தாடி போய்விட்டான். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டான்.

போன மாதம் எதிர்வீட்டுக்கு ஒரு பேங்க் மேனேஜர் குடிவந்திருக்கிறார். நல்ல மனிதர். புதுக் கார், இங்கிலீஷ் பேசுகிற பிள்ளைகள், கோபமே வராத குணம். சாப்பாடு பரிமாறிக்கொண்டே மல்லிகா, "எதிர்வீட்டு சார் எவ்வளவு பொறுமையா இருக்காக, பாத்தீகளா?" என்றாள். நானும் பொறாமைப்பட முயற்சி செய்து பார்த்தேன். வயிறு துளிகூட எரியவில்லை. சோறும் இறங்கவில்லை.